இடது காது கிழிந்த செவலை நாய்

என் அருமை மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ எப்படிப் போனாய் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஊர் முன்னால் உன்னை "வாங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்வேன். என் தங்கை ருக்குவைக் கட்டியவனை அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்பே நாம் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் ஒரே தூக்குப்போசிச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றவர்கள். அதனால் இதில் நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள நீயும் இல்லை.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் அல்ல. அச்சாபீசில் கொடுத்து, நம் வார்டில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கப்போகிறேன். போர்டில் எழுதினால் இடம் பத்தாது. எட்டு வருஷமாக எழுதாமல் விட்டது கொஞ்சமா?

முதலில் ஊர்ச் சேதி. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. முனை வீட்டுக்கு எதிரே இருந்த திறந்த சாக்கடைக்குக் கல் பாவி மூடியாயிற்று. தெருவிளக்கு எல்லாம் குழல் விளக்கு. நீ பனியன் துணியை விரித்து உலர்த்திய ஆற்றோர மணலில் இப்போது இரண்டு சலவைப் பட்டறை எழும்பி நிற்கிறது. உன் மகள் மலர் ஏழாவது படிக்கிறாள். நான் இன்னும் கவுன்சிலர்தான். நீ இருந்தபோது இரண்டு தடவை ஜெயித்தேன், நீ போன பிறகு இன்னொரு தடவை.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகப் போர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொதுக்குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, தினமும் காலையில் என் கையாலேயே சாக்பீசால் எழுதுவேன். தண்ணீர் எத்தனை மணிக்கு, அம்மை குத்துகிறவர்கள் எந்தத் தெருவுக்கு வருகிறார்கள், எந்தக் கம்பத்தில் ஒயர் தொங்குகிறது, தொடக் கூடாது, திருடன் நடமாட்டம், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வேறு எந்த வார்டிலும் இப்படி ஒன்று கிடையாது. எழுதுவது நான். அதைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவது நீ. குடத்தோடு நிற்கிற பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. நீ சலவைப் பட்டறைக்கு வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கால் தரையில் ஊன்றி, கோயில் மைக்கில் பேசுகிறவன் போல ராகம் போட்டுப் படிப்பாய். "கேட்டுக்கங்க அம்மிணிகளா, நம்ம மச்சான் எழுதிப்போட்டாருன்னா அது கல்லுல வெட்டுன மாதிரி!"

அட மடையா. சாக்பீசில் எழுதியதைக் கல்லில் வெட்டியது என்று சொல்ல உன்னால்தான் முடியும்.

அந்த வருஷம் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது வெறிநாய் வந்தது. ஒரு கன்றுக்குட்டியைக் கடித்துக் குதறியதில் அது செத்துப்போனது. நான்தான் போர்டில் எழுதினேன்: செவலை நாய், இடது காது இரண்டாகக் கிழிந்தது, வாயில் நுரை, யாரும் தனியாகப் போக வேண்டாம். கம்பெனிகளுக்குப் பெண்கள் வேலைக்கு வரவில்லை. முதலாளிகள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எதிர்த்து நின்றவன், ஒரு நாயைப் பிடிக்க முடியாதவருக்கு ஓட்டு எதற்கு என்று தெருத்தெருவாகப் பேசினான்.

நாலாம் நாள் காலையில் காங்கேயம் ரோட்டில் ஒரு நாயை அடித்துக் கொன்று, மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செவலைதான். முகம் அடிபட்டு உருத்தெரியாமல் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றார்கள். நான் மட்டும் குனிந்து பார்த்தேன்.

இரண்டு காதும் முழுசாக இருந்தன.

நிமிர்ந்து, சுண்ணாம்பு போட்டு உடனே புதைக்கச் சொன்னேன். எனக்கு மாலை போட்டார்கள், மாப்பிள்ளை. செத்த நாய்க்கு முன்னால் நின்று மாலை வாங்கிக்கொண்டேன். நேராகப் போய்ப் போர்டைத் துடைத்துவிட்டு எழுதினேன்: வெறிநாய் ஒழிக்கப்பட்டது, பொதுமக்கள் அச்சமின்றி நடமாடலாம். நீ மூன்று தடவை படித்தாய். மூன்றாவது தடவை கைதட்டினார்கள்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறாயா? தோற்றுவிடுவேன் என்று பயம். அதைத் தவிர வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. இனி அந்த நாய் இந்தப் பக்கம் வராது, ஆற்றைத் தாண்டி எங்காவது போய்ச் சாகும் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். மூன்று நாள் வரவில்லை.

ஓட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானம், நீ நொண்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். நான் நோட்டீசுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாய். நாலு பல் பதிந்திருந்தது.

"ஏனுங் மச்சான், உலத்திப்போட்ட துணி மேல ஒரு நாய் படுத்திருந்துதுங்க. தொரத்துனேன், கடிச்சுப்போட்டுது."

"கழுவுனியா?"

"கழுவிட்டேனுங்க. ஆனா மச்சான், இதுக்கும் எடது காது கிழிஞ்சுதான் இருந்துது. நாந்தானுங்க தெனமும் படிச்சேன், செவலை நாயி, எடது காதுன்னு. கோயமுத்தூர் போயி ஊசி போட்டுக்கிட்டா தேவலையா?"

இந்த இடத்தை நான் எட்டு வருஷமாகத் தாண்டித் தாண்டிப் போகிறேன். இன்றைக்கு நின்று எழுதுகிறேன். நீ ஊசி போடப் போனால், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, பதினான்கு நாள், கவுன்சிலர் மச்சினனுக்கே வெறிநாய்க்கடி என்று வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். என் மனதில் ஓடியது அது ஒன்றுதான். உன் கால் ஓடவில்லை. ருக்கு ஓடவில்லை. மலருக்கு அப்போது நாலு வயது, அவளும் ஓடவில்லை.

நான் சிரித்தேன். "ஊருல காது கிழியாத நாயி எதுடா? நாயும் நாயும் கடிச்சுக்கிட்டா மொதல்ல போறது காதுதான். வெறிநாயத்தான் பொதச்சுப்போட்டமே. நீயேதான படிச்சுக் காட்டுன? இப்ப நீயே ஊசி போடப் போனா சனம் என்ன நெனைக்கும்? சுண்ணாம்பு வெச்சுக் கட்டிக்கிட்டுக் கம்முனு இரு."

நீயும் சிரித்தாய். "அதுஞ் செரிதானுங்க" என்றாய்.

ஏன் சிரித்தாய்? உன் காலை உன் கண்ணால் பார்த்தாய், நாயின் காதையும் பார்த்தாய். இத்தனையும் பார்த்துவிட்டு என் போர்டை எதற்கு நம்பினாய்? உன்மேல் எனக்கு உள்ள கோபம் இது ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறியிருக்கலாம்.

ஓட்டு முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஜெயித்தேன். ஊர்வலத்தில் கட்டுப்போட்ட காலோடு நீதான் முன்னால் ஆடினாய். அதன் பிறகு பதவியேற்பு, பழனிக்கு மொட்டை, வீடு வீடாக விருந்து. ஒரு நாள் ஞாபகம் வந்து கேட்டேன். புண் ஆறிவிட்டது என்று காட்டினாய். ஆறித்தான் இருந்தது. நிம்மதியாகக் காபி குடித்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ருக்கு ஓடி வந்தாள், அவர் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறார் என்று. சலவைப் பட்டறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வயிறு வளர்த்தவன் நீ. ஒரு தம்ளர் தண்ணீரைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினாய். ஆஸ்பத்திரியில் உன்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிவு வந்தபோது நீ என்னைப் பார்த்தாய். வைவாய் என்று காத்திருந்தேன். "போர்டு எழுதுனீங்களா மச்சான்?" என்று கேட்டாய். மறுநாள் போய்விட்டாய்.

எழுதினேன். உன்னைப் புதைத்த மறுநாள் காலையில் எழுதினேன். நம் வார்டு வேலுச்சாமி, காங்கேயத்துப் பக்கம் போயிருந்தபோது அங்கே ஒரு நாய் கடித்து, கவனிக்காமல் விட்டதால் காலமானார், ஆழ்ந்த அனுதாபங்கள். உன் சாவை வேறு ஊர் நாய்மேல் போட்டேன். கவனிக்காமல் விட்டது நீ என்றும் சேர்த்துக்கொண்டேன். எல்லாரும் நம்பினார்கள். உன்னைப்போல நூறு பேர் இந்த வார்டில் உண்டு.

அதன் பிறகு ருக்குவையும் மலரையும் என் வீட்டை ஒட்டிக் குடிவைத்தேன். காதர்பேட்டையில் பனியன் மடிக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். வருஷா வருஷம் மலருக்குத் தீபாவளிப் பாவாடை எடுத்தேன். தங்கையைக் கைவிடாத அண்ணன் என்று மேடையில் பேசினார்கள், நான் மறுக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ருக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். ஐந்தாவது வரை படித்தவள் அல்லவா? நீ நின்ற இடத்தில் நின்று போர்டைச் சத்தம் போட்டுப் படிப்பாள். ராகம் எல்லாம் கிடையாது. எழுத்து எழுத்தாகப் படிப்பாள். உன் நினைவாகச் செய்கிறாள் என்று நினைத்து எனக்குக் கண்ணீர்கூட வந்திருக்கிறது.

போன வாரம் மறுபடி ஒரு வெறிநாய். மறுபடி தேர்தல் வருகிற சமயம். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு நாயை அடித்து இழுத்து வந்தார்கள். இந்தத் தடவை கறுப்பு. நான் சாக்பீசை எடுத்தேன். "வெறிநாய்" என்று எழுதியாயிற்று. பின்னால் ருக்குவின் குரல்.

"காதைப் பாத்தீங்களாண்ணா?"

கை நின்றுவிட்டது. குழாயடியில் இருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் குடத்தோடு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை.

வீட்டுக்குக் கூப்பிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கடிபட்ட அன்னிக்கே எல்லாஞ் சொன்னாருங்க. காது கிழிஞ்ச நாயின்னு உங்ககிட்டச் சொன்னதையும், நீங்க சிரிச்சதையும். ஊசி போடப் போலாம் வாங்கன்னு நாந்தானுங்க அழுதேன். மச்சானே சொல்லிப்போட்டாரு, உனக்கென்ன தெரியும்னு என்னைய அடிக்க வந்தாரு."

"அப்பறம் ஏம்மா இத்தன வருசமா கம்முனு இருந்த?"

"கையில கொழந்தை. பொறந்த ஊட்டுல உங்கள விட்டா ஆரு இருந்தாங்க? உங்க சோத்தத் தின்னுபோட்டு உங்களக் காட்டிக் குடுக்க முடியுமுங்களா? தெனமும் போர்டுகிட்ட நின்னு பாப்பேன். இன்னிக்காச்சும் எழுதுவாரு, இன்னிக்காச்சும் எழுதுவாருன்னு. அதுக்குத்தானுங்க படிச்சேன். நீங்க எழுதுனா, அதைய நான் என் வாயால படிக்கோணும்னு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. பதவியை ராஜினாமா செய்துவிடுகிறேன், தேர்தலில் நிற்கவில்லை என்றேன்.

"ஓடிப்போலாம்னு பாக்கறீங்களா? நீங்க நிக்கறது நிக்காதது உங்க பாடு. ஆனா வெடியால வெடியால வந்து போர்டு எழுதோணும். மேல அவுரு செத்த காரணம். அதுக்குக் கீழதான் தண்ணி, வெளக்கு எல்லாம்."

"எத்தன நாளைக்கும்மா?"

"எனக்கு உசுரு இருக்கற வரைக்குமுங்க."

அந்தக் கறுப்பு நாயின் தலையை, வெறி இருந்ததா என்று சோதிக்க டாக்டருக்கு அனுப்பினேன். முடிவு இன்னும் வரவில்லை. அதனால் நேற்று காலை போர்டில் இப்படித்தான் எழுதினேன்: என் மச்சினன் வேலுச்சாமியைக் கடித்தது காங்கேயத்து நாய் அல்ல, நம் வார்டு வெறிநாய். அது சாகவில்லை என்று தெரிந்தே செத்தது என்று எழுதியவன் நான். ஊசி போடப் போனவனைத் தடுத்தவனும் நான். இப்போது வந்துள்ள வெறிநாய் செத்ததா என்று உறுதியாகவில்லை. கடிபட்டவர்கள் உடனே ஊசி போடப் போகவும். வேண்டாம் என்று நானே சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ருக்கு படித்தாள். மலர் புத்தகப் பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத மாட்டேன், நீ தகப்பன். கல்லெறிவார்கள், காறித் துப்புவார்கள் என்று நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு அம்மா கேட்டார்: "அதெல்லாஞ் செரிங்க, இன்னிக்குத் தண்ணி எத்தன மணிக்குங்க?" எழுத மறந்திருந்தேன். திரும்பி நின்று எழுதினேன்.

மாப்பிள்ளை, சாக்பீஸ் எழுத்து ஒரு நாளில் மங்கிவிடுகிறது. குடத்துத் தண்ணீர் தெறித்தாலே போய்விடும். இந்தக் கைக்கு எழுதத் தெம்பு இருக்கிற வரைக்கும், நீ செத்த காரணத்தைத் தினமும் முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். இந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றுவேன். நீ நம்ப வேண்டாம், ருக்கு வந்து பார்த்துக்கொள்வாள்.

நேற்று போர்டைப் படித்து முடித்ததும் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு, "வர்றேனுங்க கவுன்சிலருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணா என்று சொல்லவில்லை. மலர் சாயங்காலம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. இனி எனக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது என்கிற தைரியத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் மச்சான்.