கூடை மேடை

பிப்ரவரி 11, செவ்வாய்.

கல்மண்டபம் தியேட்டரின் முகப்பு வளைவுகளும் பால்கனியின் தேக்குக் கைப்பிடியும் கட்டிய நாளில் இருந்தபடியே நிற்கின்றன. புதுப்பிக்கும் வேலையில் நான் எங்கும் பிசகவில்லை என்று இன்று காலைவரை நம்பியிருந்தேன்.

பெண்கள் டிக்கெட் கவுண்டர் பக்கம் மார்பு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் திட்டு இருந்தது. கீழே ஒரு குழாய். யாரோ பிற்பாடு கட்டிய பூந்தொட்டி மேடை என்று போன வாரம் நானே இடிக்கச் சொன்னேன். இன்று, வாசலில் மீன் விற்கும் லில்லியம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கூட மேடயக் காணோம்?"

"எந்தக் கூடை?"

"எங்க மீன் கூடதான். அப்பல்லாம் வித்துட்டு நேரா மேட்னிக்கு வருவோம். நாத்தம்னு கூடய உள்ள வுடமாட்டாங்கோ. தலயிலேர்ந்து அதும்மேல எறக்கி வெச்சிட்டு, கையக் கழுவிகினு போவோம்."

மார்பு உயரத்தில் யாராவது பூந்தொட்டி வைப்பார்களா? படித்த முட்டாள் நான்.

அந்த இடத்தில் பாப்கார்ன் கடை வேண்டும் என்றார் தியேட்டர் முதலாளி. கிடையாது என்று சொல்லிவிட்டேன். இடிக்கும் முன் எடுத்த அளவு என் நோட்டில் இருக்கிறது. அப்படியே திரும்பக் கட்டுவேன், வெள்ளிக்கிழமைத் திறப்புக்குள்.

முதல் ஆட்டத்துக்கு வரச் சொல்லி லில்லியம்மாவை அழைத்தேன். உடனே கேட்டார்:

"வர்றேன் சார். கூடய எங்க வெக்கிறது?"

நாளைக் காலை ஏழு மணிக்குச் செங்கல் வருகிறது.