போனை அணைத்துவிட்டு ஜெபித்த ஒரு மணி நேரம்

அன்புத் தம்பிக்கு, அம்மா எழுதுறது. ஆண்டவர் கிருபையால அப்பாவும் நானும் நல்லா இருக்கோம், அப்பாவோட இருமல் அப்பாவை விட நல்லா இருக்கு. நீயும் மருமகளும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். உன் கடிதம் கிடைச்சுது, அதுக்குப் பதில் கடைசியில சொல்றேன், முதல்ல இங்க நடந்த கூத்தைக் கேளு.

தெருக்கோடி தையல்காரர் சம்சாரம் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா கிடக்காங்கல்ல, அவங்களுக்காக எங்க ஜெபக்குழுத் தலைவியம்மா பெரிய ஏற்பாடு பண்ணினாங்க. புதன்கிழமை மூணுலேருந்து நாலு மணி வரைக்கும் பதினொரு பேரும் அவங்கவங்க வீட்டுல முழங்கால்ல நிக்கணும், கவனம் சிதறக் கூடாது, போனை அணைச்சே ஆகணும்னு கண்டிப்பான உத்தரவு. நானும் கதவைச் சாத்திக்கிட்டு கண்ணீர் வடிய ஜெபிச்சேன்ப்பா, அவ்வளவு பக்தி! மூணு பத்துக்கு அந்தம்மா கட்டில்லேருந்து சரிஞ்சு கீழ விழுந்துட்டாங்க. தையல்காரருக்கு இடுப்பு வலி, தனியாத் தூக்க முடியல. பாவம் மனுஷன், எங்க பதினொரு பேர் நம்பருக்கும் வரிசையா அடிச்சிருக்கார். ஒருத்தராவது எடுக்கணுமே! அந்தம்மாவுக்காக உருகுறதுல நாங்க அவ்வளவு மும்முரம். முக்கால் மணி நேரம் வெறும் தரையில கிடந்தாங்களாம். எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுது.

கடைசியில தூக்கினது யாரு தெரியுமா? பள்ளிக்கூட பஸ் டிரைவர். பிள்ளைங்களை இறக்கி விட்டதும் தினமும் அங்க ஒரு எட்டு வந்து பார்ப்பாராம். ஆராதனை முடியிற நேரத்துக்கு ஈரச் சட்டையோட வந்து பின் பெஞ்சுல உட்காருவாரே, கடைசிப்பாட்டுன்னு பேர் வச்சுச் சிரிப்போமே, அவரேதான். அந்தப் பேரை வச்ச புண்ணியவதி நான். விஷயம் தெரிஞ்சு ஓடிப் போய் நின்னப்பதான் தையல்காரர் சொன்னார், ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை காலையில டிரைவர்தான் வந்து அந்தம்மாவைத் தூக்கி நாற்காலியில உட்கார வச்சு, படுக்கைத் துணியெல்லாம் அலசிக் காயப் போட்டுட்டுக் கோயிலுக்கு வர்றாராம். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அதோட விட்டாங்களா? இந்த ஞாயித்துக்கிழமை தலைவியம்மா மைக்கைப் பிடிச்சு, நாங்க ஜெபிச்சதாலதான் ஆண்டவர் டிரைவரை அனுப்பினார்னு சாட்சி சொல்றாங்க! சபையே ஸ்தோத்திரம்னு சத்தம் போடுது. அவர் அந்நேரம் அங்க துணி அலசிக்கிட்டு இருந்திருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து நல்லாக் கேட்டிருப்பேன், அப்பா கையைப் பிடிச்சு உட்கார வச்சிட்டார்.

இப்ப உன் கதைக்கு வர்றேன். அடுத்த வீட்டுப் பெரியவர் கால் உடைஞ்சு தனியாக் கிடக்கார், ஜெபிச்சுக்கங்கம்மான்னு எழுதியிருக்கே. அவர் போனுக்கு தினமும் வசனம் வேற அனுப்புறியாம், ரொம்பப் பெரிய மனசு. நான் ஜெபிக்க மாட்டேன் தம்பி. எனக்கும் அவருக்கும் நடுவுல கடல் கிடக்கு, உனக்கும் அவருக்கும் நடுவுல ஒத்தைச் சுவர்தான். போய்க் கதவைத் தட்டு, பாத்திரம் கிடந்தா தேய்ச்சு வை, குப்பையை எடுத்துப் போடு. செஞ்சதை எனக்கு எழுதவும் வேண்டாம், படம் எடுத்து அனுப்பவும் வேண்டாம்.

ஆண்டவர் உங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை காலையில எனக்குப் போன் பண்ணாதே, கை ஈரமா இருக்கும்.

இனிமே கடைசிப் பாட்டுக்குத்தான் கோயிலுக்கு வரப்போற,
உன் அம்மா