கல் பக்கத்தில் வரும் காலம்

10 செப்டம்பர் 1987

சென்னையில் 21ஆம் தேதி நேர்முகத் தேர்வு. ஆராய்ச்சிப் படிப்புக்கு. பத்து நிமிடம் பேச வேண்டும். சிறுகோளில் மனிதனை இறக்க அமெரிக்கர்கள் அறுபதுகளில் யோசித்ததைப் பேசப் போகிறேன். கோழிகளிடம் பேசிப் பார்த்தேன். "அங்க இன்னாடி இருக்குது?" என்றாள் அம்மா. கல் என்றேன். கல்வராயன் மலைப் பக்கம் கையைக் காட்டி, "இங்க இல்லாத கல்லா?" என்றாள்.

வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. அடுத்த தடவை எனக்குக் கிடையாது.

15 செப்டம்பர்

பதினேழிலிருந்து ஒரு வாரம் மரம் வெட்டிப் போட்டுச் சாலை மறியல், எங்கள் சாதிக்கு இருபது சதவீத இடஒதுக்கீடு கேட்டு. எங்கள் ஊருக்கு அண்ணன் தமிழரசன்தான் முன்னால் நிற்கிறான். நாளைக்கே கிளம்புகிறேன் என்றேன். வயசுப் பெண் அங்கே யார் வீட்டில் தங்குவாள் என்று அப்பா முடித்துவிட்டார். அண்ணன் சிரித்தான். "உன்ன மாதிரி படிச்சதுங்களுக்குத்தான கேக்கறோம். நம்மூரு மரம் நம்ம கையில. உன் பஸ்ஸுக்கு வழி வுடறேன்."

நம்பினேன்.

17 செப்டம்பர்

பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தைச் சாய்த்துவிட்டார்கள்.

19 செப்டம்பர்

சொன்னபடியே அண்ணன் ஆள் வைத்து மரத்தை ஒரு பஸ் போகுமளவு நகர்த்தினான். வழி இருக்கிறது. பஸ்தான் இல்லை. ரயிலும் இல்லை. உளுந்தூர்பேட்டை வரை ஊருக்கு ஊர் மரம் கிடக்கிறதாம். எல்லா ஊரிலும் ஒரு அண்ணன் இருப்பான் என்று இவனுக்கு ஏன் தோன்றவில்லை? எனக்குத்தான் ஏன் தோன்றவில்லை?

20 செப்டம்பர்

அண்ணன் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்தான். கள்ளக்குறிச்சி தாண்டவில்லை — போலீஸ். அவன் உள்ளங்கையில் மரம் வெட்டிய கோடாலிக் கொப்புளம். அது போதும் அவர்களுக்கு. "தங்கச்சிய பரிட்சைக்கு இட்டுக்கினு போறங்க" என்று சொல்லிக்கொண்டே போலீஸ் வண்டியில் ஏறினான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

இப்ப நான் இன்னா பண்ணுவேன். யாரப் போயி திட்டுவேன்.

21 செப்டம்பர்

இந்நேரம் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

8 அக்டோபர்

அண்ணன் ஜாமீனில் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு போட்டேன். பேசினால் கத்திவிடுவேன்.

2 ஏப்ரல் 1989

இருபது சதவீதம் வந்துவிட்டது. ஊரெல்லாம் வெடி. அண்ணன் சென்னை வரை போய் எனக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறான். வயது வரம்பைப் படிக்கவில்லை. சொன்னேன். விண்ணப்பத்தை வாங்கி அந்த வரியைத் தேடிப் படித்தான்.

பிறகு, "அன்னிக்குப் பேச இருந்தத எங்கிட்ட பேசு" என்றான்.

பேசினேன். அந்தக் கல் பூமிக்குப் பக்கத்தில் வரும் காலத்தில் கிளம்பியாக வேண்டும். விட்டால் பல வருடம் காத்திருக்க வேண்டும். இறங்கினாலும் கால் ஊன்றாது. உடம்புக்கு எடையே இருக்காது. கயிறு போட்டுக் கல்லோடு கட்டிக்கொள்ள வேண்டும். முழுசும் கேட்டான்.

"அந்தக் கல்லு மறுபடி வருமா?"

"வரும்ணே. போறதுதான் வேற ஆளு."

விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு ஜெயசுதா இந்த வருடம் படிப்பை முடிக்கிறாள், அவளுக்குக் கொடுக்கப் போகிறானாம். கொடுக்கட்டும். என் பேச்சை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.