டேங்கருக்குள் இறங்கப்போன உன் அப்பா

புதுச்சத்திரம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் வளவனுக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி நிலாவும் சுகம், அப்பாவும் உயிரோடு நல்லபடியாக இருக்கிறார், குஜராத்தில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். உயிரோடு என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, சொல்கிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய்.

போன வாரம் நாமக்கல் பட்டறைக்குக் கெமிக்கல் டேங்கர் ஒன்று வெல்டிங்குக்கு வந்தது. மூடியெல்லாம் திறந்து காற்றடித்து, மீட்டரை உள்ளே விட்டு விஷக்காற்று இல்லை என்று பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும் என்பது சட்டம், சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. ஆனால் மீட்டர் கெட்டுப்போய் மாசக்கணக்காகிறது. முதலாளி, “லோடு நேத்தே எறக்கியாச்சு, சும்மா எறங்குப்பா” என்றாராம். அப்பாவோடு வேலை செய்கிற மணியன் இறங்கினார், சத்தமே இல்லை. அப்பா எட்டிப் பார்த்தால் அடியில் சுருண்டு கிடக்கிறார், உடனே இவரும் காலை உள்ளே விட்டுவிட்டார். பட்டறை கூட்டுகிற குப்பாயி ஏணியில் ஏறி இவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “போவாதீங்கண்ணா, நீங்களும் உளுந்துருவீங்க” என்று கத்தியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் முன்னொரு நாள் கழிவுத் தொட்டிக்குள் விழுந்த ஆளைத் தூக்க இறங்கித்தான் போய்ச்சேர்ந்தார். தீயணைப்பு ஆட்கள் முகமூடியும் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு வந்து மணியனைத் தூக்கினார்கள். உயிர் இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரியில் பெண்டாட்டியைப் பார்த்தே “நீங்க யாருங்க” என்று கேட்கிறார். அப்பா சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

விசாரிக்க வந்த அதிகாரி பட்டறையைப் பூட்டிவிட்டார், மீட்டர் வந்தால்தான் திறப்பாராம். அவர் அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னாராம், கெமிக்கல் ஆலைகளில் காற்றில் கெமிக்கல் இவ்வளவுதான் கலந்திருக்கலாம் என்கிற அளவெல்லாம் எட்டு மணி நேர வேலையை வைத்துப் போட்டதாம், டபுள் டூட்டி பார்த்தால் அது பொருந்தாதாம். நீயும் அங்கே கெமிக்கல் ஆலையில் டபுள் டூட்டிதானே பார்க்கிறாய், வீடியோவில் மாஸ்க்கைக் கழுத்தில் இறக்கிவிட்டுச் சிரிக்கிறாய். வேர்த்தால் வேர்க்கட்டும் கண்ணு, கழற்றாதே.

அங்கே யாராவது உள்ளே விழுந்தால் கத்து, ஆளைக் கூப்பிடு, ஆனால் நீ இறங்காதே. அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான், இதை எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனால் நீ உங்கப்பாவின் மகன், யோசிக்காமல் பாய்ந்துவிடுவாய். அங்கே உன்னைத் தடுக்க யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, சாமி.

அந்த மாரியம்மா உன் மூச்சுக்குக் காவல் இருக்கட்டும். இது கிடைத்ததும் போன் செய், டூட்டி முடிந்த பிறகு அல்ல, டூட்டிக்குள் போவதற்கு முன்னால்.

உன் அம்மா
மஞ்சுளா