சாக்கடல் வரை இறக்கம்

அபூ யஸன்,

விழித்ததும் என்னைத் தேட வேண்டாம். சைக்கிள் குழுவோடு சாக்கடலுக்குக் கிளம்பிவிட்டேன். விடிவதற்குள் கீழே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

பருப்பு சூப் அடுப்பில் இருக்கிறது. சூடாக்கி, எலுமிச்சை பிழிந்து நம் மகன் யஸனுக்கும் கொடுங்கள். கேஸ் தீரப்போகிறது. தெருவில் கேஸ் வண்டியின் பாட்டு கேட்டால் ஓடிப்போய் நிறுத்துங்கள். போன வாரம் மாதிரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு ரசிக்க வேண்டாம்.

“இந்த அம்மான் ஊர்க் குளிர்ல ராத்திரி முழுக்க சைக்கிளா? உனக்கென்ன பைத்தியமா?” என்று நேற்று கத்தினீர்கள். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, நானும்தான் பேசவில்லை.

இப்போது சைக்கிளை எடுத்தால் இரண்டு டயரும் கல் மாதிரி இருக்கின்றன. பம்பை அமுக்க யஸனுக்குப் பலம் கிடையாது. என் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சுக்கு நேராகச் செய்தித்தாளை மடித்து வைத்ததும் அவன் இல்லை. இறக்கத்துக் காற்றுக்கு அதுதான் மருந்து என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் இன்னும் போடாத குறுக்கெழுத்து அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ரூலா

பி.கு. திரும்பி மலையேறக் குழுவுக்கு பஸ் உண்டு. இப்போதுதான் போன் செய்து, அதில் என் இடத்தைக் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். “அப்போ நீ எப்படிடி வருவே?” என்றாள். “எங்க வீட்டுக்காரர் காய்கறி ஏத்துற வேனை எடுத்துட்டு வருவார்” என்று சொல்லிவிட்டேன்.

கேஸுக்கு மேல்வீட்டில் சொல்லிவையுங்கள். சூப்பை பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு யஸனோடு வாருங்கள். குறுக்கெழுத்தைக் கசங்காமல் கொண்டுவருகிறேன். கரையில் உட்கார்ந்து போடலாம்.