கூரை காயட்டும்

என்னங்க,

மத்தியானம் காரை விலைபேச வர்றவருக்கு ஒரு காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிடுங்க. என்னைக் கேக்காம நீங்க கூப்பிட்ட ஆளு, பதிலையும் நீங்களே சொல்லுங்க. என் காரை நான் விக்கலை.

காரோட மடக்குற துணிக்கூரையில படிஞ்சிருந்த பாசியை மெத்துனு ஒரு பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, தண்ணி இறங்காம இருக்க மருந்தும் அடிச்சுட்டேன். காயற வரைக்கும் மடக்காதீங்க, மடிப்புல பூஞ்சை பிடிச்சுடும்.

"இந்த வயசுல கூரையைத் திறந்துட்டுப் போனா ஊரே சிரிக்கும்"னு நேத்து சொன்னீங்களே, சிரிக்கட்டும். சாயங்காலம் நான் கடையைப் பூட்டிட்டு வந்ததும் திறந்துட்டுத்தான் போகப்போறேன்.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. கோவத்துல பட்டினி கிடக்காதீங்க.

பி.கு.: பக்கத்து சீட் காலிதான். வர்றதா இருந்தா தொப்பி போட்டுக்குங்க, இருக்கிற நாலு முடியும் காத்துல போயிடும்.