கியோத்தோவில் எட்டுப் பேர்

மார்ச் 31, 2004. புதன்

தூறல். லண்டன் மிட்சம் பகுதியில் அத்தானின் கடை; காலை முழுவதும் அங்கே பால் அடுக்கல்.

எனக்கு ஜப்பான் விசா இல்லையாம். திங்களன்று அத்தான் சொன்னார். அவர், அக்கா, பிள்ளைகள் நால்வர், அத்தானின் அப்பா அம்மா, எல்லாருக்கும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. என்னிடம் மட்டும் அகதிப் பயண ஆவணம்; அதற்குத்தான் விசா வேண்டும். "அலுவலை நான் பாக்கிறன்" என்று மார்கழியிலேயே வாங்கிக்கொண்டு போனவர்.

இந்தப் பயணத்தைத் திட்டமிட்டது நான். பெரிய குடும்பம், சின்னச் செலவு. கியோத்தோவில் ஒரே அறை, பாய் விரித்து வரிசையாகத் தூக்கம். ரயில் பாஸ் இங்கேயே வாங்கியாயிற்று. இரவுச் சாப்பாடு சூப்பர்மார்க்கெட்டில், ஏழு மணிக்குப் பிறகு பாதி விலை.

பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் படித்த ஜப்பானிய மொழியில் வீட்டாருக்கு ஒன்றே ஒன்று பழக்கினேன். க்யூ-நின். ஒன்பது பேர். சின்னவன் சோற்றுக் கோப்பையோடு கத்திச் சொல்வான். அக்காவுக்கு மட்டும் வராது. சிரித்துவிடுவாள்.

ஏப்ரல் 1. வியாழன்

வெயில், ஆனால் குளிர்.

சொல்லாமல் ஒருவர் குறைவது மரியாதையில்லை என்று விடுதிக்கு போன். மன்னிக்கவும், ஒன்பதில் ஒருவர் வரவில்லை.

விடுதி அம்மா பொறுமையாக: எட்டுப் பேர்தானே? ஜனவரியிலேயே மாற்றிவிட்டீர்களே.

திரும்பச் சொல்லச் சொன்னேன். என் ஜப்பானிய அறிவு மோசமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே. எட்டு. ஜனவரி. இரண்டும் முதல் வாரத்தில் படித்த சொற்கள்.

ஆக, விண்ணப்பம் போகவே இல்லை. கடைக்கு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

அத்தான் பரவாயில்லை. அவர் அப்படித்தான். அக்காவுக்குத் தெரியுமா? தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். காலையில் கேட்காமலே எனக்கு இரண்டாவது முட்டை பொரித்து வைத்தாள். அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 3. சனி

காற்று. வேன் ஏழரைக்கு.

அத்தான் பெட்டிக்குள் ரைஸ் குக்கரைத் திணிக்கிறார். அங்கே வேலை செய்யாது என்றேன்.

"ஜப்பான்காரன் கண்டுபிடிச்ச சாமான், ஜப்பானில வேலை செய்யாதோ? படிச்சவனுக்கு விசர்!"

எல்லாரும் சிரிப்பு. நானும்.

அத்தானின் அம்மா, மாமி: "அடுத்தமுறை நீயும் வருவாய், மோனை."

அத்தான்: "கடைச் சாவி கவனம். உன்னைப்போல நம்பிக்கையான ஆள் எங்க கிடைக்கும்?"

அக்காவிடம் கேட்க வாயெடுத்தேன். குனிந்து சின்னவனின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

ஏப்ரல் 5. திங்கள்

மழை. பதினொரு மணிக்கு கடை போன், அக்கா. அங்கே இரவு ஏழு.

"தம்பி, சோறு அவியேல்லை. ஒரு மணித்தியாலமாச்சு, தண்ணி சூடாகுதே இல்லை."

பின்னால் அத்தான், குக்கரைத் தட்டும் சத்தம்.

லண்டன் கரண்டில் பாதிகூட அங்கே இல்லை, அக்கா.

"பிள்ளையள் பசியில அழுகுதுகள். என்ன செய்ய?"

விடுதி வாசலில் இடப்பக்கம், இரண்டாவது சந்தி, சூப்பர்மார்க்கெட். இப்போது பாதி விலை ஒட்டியிருப்பார்கள். சோற்று உருண்டை, முட்டை. மாமிக்கு மரக்கறிப் பெட்டி. நடந்து பழகிய தெருபோலச் சொல்லிக்கொண்டே போனேன்.

"நீ வந்திருந்தா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை, தம்பி."

குரலில் உண்மையான கவலை. அப்போது நம்பினேன்: அவளுக்குத் தெரியாது.

நாளைக்குச் சாப்பாட்டுக் கடையில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். எட்டுப் பேர் என்பதை எப்படிச் சொல்வதென்று சொல்லித் தரட்டுமா?

"ஹாச்சி-நின். அது பாடம், தம்பி. பொங்கலுக்கே அத்தான் எல்லாருக்கும் பழக்கிப்போட்…"

நிறுத்திவிட்டாள். கவுண்டரில் ஒருவர் பஸ் பாஸுக்குக் காசை நீட்டியபடி நின்றார்.

எல்லாருக்கும். சின்னவனுக்கும். விசா இல்லையென்று அத்தான் சொன்னதற்கு முந்தின நாள், ஞாயிறு இரவுகூட என் மடியில் இருந்துகொண்டு க்யூ-நின் என்று கத்தினான்.